மேற்படி என்னும் குறி



மதுரைக் கீழமாசி வீதியில் பலசரக்கு மண்டி ஒன்றில் என் தாயைப் பெற்ற தாத்தா கணக்கெழுதி வந்தார். அவர் கைப்பட எழுதிய பேரேடு ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. அதைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு குறி கண்ணில் படும். பெயர் ஒரு முறை முழுமையாக எழுதப்பட்டிருக்கும். அடுத்த வரியில் அதே பெயர் வரவேண்டிய இடத்தில் ௸ என்னும் அக்குறி மட்டும் நிற்கும். ‘மேற்படி’ என்பது அதன் பொருள். வானொலியில் அதை உங்களுக்குக் காட்ட இயலாது. உங்கள் வீட்டில் பழைய பத்திரம் ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு குறி, மாதத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று, ரூபாய்க்கு ஒன்று, வரவுக்கும் பற்றுக்கும் ஒவ்வொன்று எனத் தாத்தாவின் எழுத்தாணியும் பேனாவும் பழகிய சுருக்கங்கள் அதில் நிறைந்திருக்கும்.

கணினியில் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் பற்றிப் பேச வந்தவன் மண்டிக் கணக்கில் தொடங்குவானேன் என்று நீங்கள் வியக்கலாம். காரணம் இருக்கிறது. அந்த மென்பொருள் செய்வதெல்லாம் தாத்தா செய்த இரண்டு காரியங்களைத்தாம். அடிக்கடி வருவதற்குச் சிறு குறி இடுவது ஒன்று. முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், சொன்ன இடத்தைச் சுட்டுவது மற்றொன்று.

முதலாவதற்குக் கணக்கியல் முறையில் நிறைவான வழி கண்டவர் டேவிட் ஹஃப்மன் என்னும் அமெரிக்க மாணவர். 1951ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஃபானோ என்னும் பேராசிரியர் தம் வகுப்பினருக்கு ஒரு சலுகை அளித்தார். இறுதித் தேர்வு எழுதலாம்; அன்றேல் ஒரு கட்டுரை எழுதித் தரலாம். தேர்வுக்கு அஞ்சிக் கட்டுரையைத் தேர்ந்தவர்களுள் ஹஃப்மன் ஒருவர். மிகக் குறைந்த இடத்தில் எழுத்துகளைக் குறியிடும் சிறந்த முறை யாது என்பதே வினா. அவ்வினாவோடு பேராசிரியரே போராடிக்கொண்டிருந்தார் என்பது மாணவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்கமாட்டார் போலும்! எல்லோரும் மரத்தை உச்சியிலிருந்து பிரித்துக்கொண்டு வர, இவர் அடியிலிருந்து கட்டிக்கொண்டு போனார். மிக அரிதாக வரும் இரண்டு எழுத்துகளை முதலில் இணைத்து, பின்னர் அடுத்த அரிய இரண்டை இணைத்து, இவ்வாறே மேலேற விடை கிடைத்தது. 1952இல் அது அச்சேறியது. தேர்வுக்குப் பயந்ததால் உலகுக்கு நன்மை விளைந்த இடம் இது ஒன்றே என நினைக்கிறேன். இதை நீங்கள் முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டா.

இரண்டாவதான ‘மேற்படி’ முறையை ஜேக்கப் ஜிவ், ஆபிரகாம் லெம்பெல் என்னும் இஸ்ரேல் நாட்டு அறிஞர் இருவர் 1977இல் வகுத்தனர். கீர்த்தனைப் புத்தகம் பார்த்திருப்பீர்கள். பல்லவி முதலில் முழுமையாக இருக்கும். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அதைத் திரும்ப அச்சிடாமல், அடைப்புக்குறிக்குள் ‘பல்லவி’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். பாடுபவர் மேலே போய் எடுத்துக்கொள்ளவேண்டும். கணினியும் அவ்வாறே, ‘இத்தனை எழுத்து பின்னே போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறித்து வைக்கிறது. 1989இல் ஜிப் என்னும் மூட்டை வடிவத்தை வெளியிட்டு, பின்னர் இவ்விரண்டு முறைகளையும் அதில் ஒன்று சேர்த்தவர் ஃபில் காட்ஸ் என்னும் அமெரிக்கர். அதன் அமைப்பை யார் வேண்டுமாயினும் எடுத்தாளலாம் என்று அவர் பொதுவில் வைத்தமையால் அது உலகெங்கும் பரவிற்று. அவர் 2000ஆம் ஆண்டில், 37 வயதிலேயே காலமானார்.

தமிழுக்கு இச்சுருக்கம் மிகவும் பொருந்தும். ஒருங்குறியில் ‘மதுரை’ என்னும் சொல், மகரம், தகரம், உகரக்குறி, ரகரம், ஐகாரக்குறி என ஐந்து துண்டுகளாகப் பதிவாகிறது. இன்று பெரும்பாலும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் துண்டு ஒன்றுக்கு மூன்று பைட்டு. ஆகப் பதினைந்து பைட்டு. அம்மூன்றில் முதற் பைட்டு எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே வகை. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. மூன்றில் இரண்டு பங்கு கிட்டத்தட்ட ‘மேற்படி, மேற்படி’ என்று வந்துகொண்டே இருந்தால் சுருக்கும் மென்பொருளுக்குக் கொண்டாட்டம் அன்றோ?

இனி என் கதைக்கு வருகிறேன்.

2004ஆம் ஆண்டில் நானும் என் மாணவர்களும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் சேர்த்து வந்தோம். மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம், திருப்பரங்குன்றம், சோழவந்தான் ஆகிய ஊர்ப் பக்கங்களில் திண்ணைகளில் அமர்ந்து, பாட்டியரைப் பாடச் சொல்லி ஒலிநாடாவில் பதிந்தோம். மொத்தம் 62 பாடல்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடும். அவற்றைக் கணினியில் ஏற்றினோம். சுருக்காத ஒலி ஒரு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டு பிடிக்கும். ஆக மூவாயிரம் மெகாபைட்டு. அக்காலக் குறுந்தகடு ஒன்று கொள்வது எழுநூறு. ஐந்து தகடு வேண்டும். ஒரே தகட்டில் அடக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஜிப் மூட்டையாகக் கட்டிப் பார்த்தேன். நெடுநேரம் ஓடி முடித்தபின், மூட்டை ஏறக்குறைய முன்பிருந்த பருமனிலேயே நின்றது. எனக்குச் சினம் மூண்டது. பிறகுதான் விளங்கிற்று. மனிதக் குரலில் ஒரு கணம் போல் மறு கணம் இராது. எழுத்துக்கு எழுத்து ஒத்த ‘மேற்படி’ அங்கே கிடையாது. ஆகவே எம்பி3 என்னும் வேறு வகைச் சுருக்கத்தை நாடினோம். அது காது பொருட்படுத்தாத ஒலிகளை நீக்கிவிடும். நீக்கியது நீக்கியதே, திரும்ப வராது. அதை ஜெர்மனியில் உருவாக்கியோருள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், பக்கவாத்தியம் இன்றிச் சூசன் வேகா என்னும் பெண்மணி பாடிய பாடல் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுருக்கிப் பார்த்துத்தான் தம் முறையைத் திருத்தினாராம். தனித்த பெண் குரல்தான் கடினமான சோதனை. எங்கள் ஒப்பாரிகளும் அத்தகையனவே. நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டு என்னும் அளவில் எல்லாம் முந்நூறுக்குள் அடங்கின. குரல் கேட்கும்படியாகவே இருந்தது.

நீக்கினால் திரும்ப வராத சுருக்கம் நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இராது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவர். ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஏட்டில் ஒன்றாகவே தோன்றும். யாப்பும் பொருளும் அறிந்தவர்தாம் விடுபட்டதை நிரப்பிக்கொள்ள வேண்டும். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டு ஏடுகளைத் தொகுத்த காலத்துப் புலவர்களுக்கு இப்பணி எத்துணை அரியதாய் இருந்திருக்கும்! எழுதியவனுக்கு மிச்சமான புள்ளி படித்தவனுக்குச் செலவாயிற்று.

அச்செலவை அறியாமல் நான் மேலும் இரண்டு சிக்கனங்கள் செய்தேன். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் மாணவர் ஒருவர் ஊரையும் நாளையும் சொல்லிப் பின்னரே பாடச் சொல்வது எங்கள் வழக்கம். ‘ஊர்ப் பெயர்தான் கோப்பின் பெயரிலேயே இருக்கிறதே, இரண்டு தடவை எதற்கு?’ என்று சொல்லி அத்தொடக்கங்களை வெட்டச் சொன்னேன். பாடியவரின் பெயர், வயது, பாடிய சூழல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பாடலின் முதலடியை எழுதவில்லை. பாடலே கையில் இருக்கும்போது அடி எதற்கு என்று நினைத்தேன். கோப்புகளுக்கு ஊர், பாடல் வகை, வரிசை எண் என்னும் முறையில் தமிழிலேயே பெயர் சூட்டினோம். அதில் எனக்குப் பெருமையும்கூட.

38 பாடல்களைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் லினக்ஸ் ஓடிய ஒரு கணினியில் மூட்டையாகக் கட்டினோம். எஞ்சிய 24 பாடல்களை, ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தமையால், ஓர் இணைய மையத்துக் கணினியில் இருந்த மென்பொருளைக் கொண்டு கட்டினோம். எம்பி3 கோப்புகள் இனிச் சுருங்கா என்பது அப்போது எனக்குத் தெரியும். நம் பக்கத்துப் பஞ்சாலைகளில் பார்த்திருப்பீர்கள்: உதிர்ந்து கிடக்கும் பஞ்சை இயந்திரம் அழுத்தி 170 கிலோ பொதியாக்கும், பொதியை மீண்டும் இயந்திரத்தில் வைத்தால் அது என்ன செய்யும்? சுருக்கத்துக்காக அன்று, 24 துண்டுகளும் சிதறாமல் ஒரு மூட்டையில் இருக்கட்டும் என்பதற்காகவே கட்டினேன். இரண்டு மூட்டைகளையும் தகட்டில் எழுதினோம். கணினியில் இருந்தவற்றை அழித்து இடம் கண்டோம். ஒலிநாடாக்களில் அடுத்த சில மழைக்காலங்களில் பூஞ்சை பூத்தது.

2011இல் ஓர் ஆய்வு மாணவி அப்பாடல்களைக் கேட்டாள். என் வீட்டுக் கணினியில் தகட்டை இட்டேன். அப்போது நான் வைத்திருந்த மென்பொருள் நாற்பது நாள் இலவசமாக ஓடும் வகை. நாள் கடந்தபின்னும் ஓடும். ஆனால் திறக்கும்போதெல்லாம் விலை கொடுத்து வாங்கும்படி மரியாதையாக நினைவூட்டும். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று ‘சும்மா இப்படி வந்தேன்’ என்பது போல. அதைத் தள்ளிவிட்டு முதல் மூட்டையைத் திறந்தேன். 38 கோப்புகளும் வந்தன. பெயர்களில் ஒரு தமிழெழுத்துகூட இல்லை. கிரேக்க ஆல்பா, கோண மேற்கோள் குறி, மீண்டும் ஆல்பா, புள்ளி நிரம்பிய ஒரு கட்டம் என வரி வரியாக ஏதோ தாயத்துத் தகட்டு எழுத்துப் போல் இருந்தது.

இரண்டாவது மூட்டையைத் திறந்தேன். ‘இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது; அதன்மேல் எழுதவா?’ என்று மென்பொருள் கேட்டது. முந்தைய மூட்டைக்கும் இதற்கும் எப்படி ஒரே பெயர் வரும் என்று யோசிக்கும் பொறுமை எனக்கு இல்லை. ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்னும் பொத்தானை அழுத்தினேன். 24 வரவேண்டிய இடத்தில் 18 வந்தன. அவற்றின் பெயர்களோ வெறும் கீழ்க்கோடுகள், இடையிடையே எண்கள்.

ஆறு பாடல்கள் அழிந்தன என்றே எண்ணினேன். அன்றிரவு நான் உண்ணவில்லை.

மறுநாள் அம்மாணவி வந்து பார்த்தாள். “ஐயா, மூட்டை தகட்டில் அப்படியேதானே இருக்கிறது? வெளியே எடுத்து வைத்தவைதாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன” என்றாள். மூட்டையை மீண்டும் அவிழ்த்து, ‘பெயர் ஒத்தால் வேறு பெயர் இடு’ என்று பணித்தாள். 24 பாடல்களும் வந்துவிட்டன. பெயர்கள்தாம் இல்லை.

பெயர்களுக்கு நேர்ந்தது இதுதான். ஜிப் மூட்டை கண்ட 1989இல், கோப்புப் பெயரை ஐ.பி.எம். கணினியின் 437ஆம் எழுத்துப் பட்டியலில் எழுதுவது என்பது ஏற்பாடு. அதில் இடம் 256 எழுத்துகளுக்கே. தமிழுக்கு அங்கே இடமில்லை. ‘இப்பெயர் ஒருங்குறியில் எழுதப்பட்டது’ என்று அறிவிக்கும் அடையாளம் ஒன்றை மூட்டையின் இலக்கணத்தில் சேர்த்தது 2006இல். நாங்கள் கட்டியதோ 2004இல். லினக்ஸ் கணினி தமிழ்ப் பைட்டுகளை உள்ளபடியே எழுதி வைத்தது. திறந்த கணினி அவற்றைப் பழைய பட்டியலின்படி படித்தது. தமிழின் முதற் பைட்டு அப்பட்டியலில் ஆல்பா. இரண்டாவது, இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பிய கோணக்குறி. ‘ம’ என்பது ஓர் ஆல்பாவும் இரண்டு கோணக்குறிகளும் ஆயிற்று. ரகரம் வருமிடமெல்லாம் புள்ளிக் கட்டம் நின்றது. எழுத்து மாறிற்றே ஒழிய எதுவும் இழக்கப்படவில்லை. மாணவி இரண்டு ஊர்ப் பெயர்கள் ஒரே வகையாய்த் தொடங்குவதைக் கண்டுபிடித்தாள். திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் அல்லாமல் வேறெவை? அந்த ‘திரு’ அகப்பட்டதும் ஒரு தாளில் அட்டவணை போட்டு, மாலைக்குள் 38 பெயர்களையும் படித்துவிட்டாள்.

இணைய மையத்து மென்பொருள் வேறு வகையானது. தன் பட்டியலில் இல்லாத ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கீழ்க்கோடு போட்டுவிட்டு, உண்மையைத் தூக்கி எறிந்துவிட்டது. சொல்லிவிட்டாவது எறிந்ததா? இல்லை. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்றுதான் அன்றைக்கு அறிவித்தது. எனக்கு அதன்மேல் இன்றும் ஆறாத குறை அதுவே. முடியாது என்று சொல்லும் கருவியை மன்னிக்கலாம். முடித்துவிட்டேன் என்று பொய் சொல்லும் கருவியை எவ்வாறு நம்புவது?

ஆயினும் கோடுகளின் எண்ணிக்கை மிஞ்சியிருந்தது. ‘மேலூர்’ என்பதில் மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து ஆறு துண்டு, ‘அலங்காநல்லூர்’ பதின்மூன்று. ஆறு கோடு உள்ளவை மேலூர்ப் பாடல்கள் ஆறு, பதின்மூன்று உள்ளவை அலங்காநல்லூர்ப் பாடல்கள் ஐந்து என உடனே பிரித்துவிட்டோம். எஞ்சிய 13 பாடல்களில்தான் வந்தது இடர். நீங்களே தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள்: ‘உசிலம்பட்டி’ பதினொன்று, ‘வாடிப்பட்டி’யும் பதினொன்று! இரண்டு ஊரிலும் தாலாட்டு ஒன்று, இரண்டு, மூன்று; ஒப்பாரி ஒன்று, இரண்டு, மூன்று. உசிலம்பட்டியில் மட்டும் நான்காவதாக ஒரு தாலாட்டு, அது தப்பிற்று. மற்றவை ஆறு இணைகள். மென்பொருள் என்னைக் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் புரிந்தது.

குறிப்பேடு பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறக்கும் சாவி ஊர்ப் பெயர். நான் வெட்டச் சொன்ன அத்தொடக்கங்களில் ஒன்றேனும் மிஞ்சியிருக்கலாகாதா என்று ஒவ்வொரு பாடலின் முதல் நொடியையும் காதை வைத்துக் கேட்டேன். என் மாணவர்கள் மிகத் திறமையாக வெட்டியிருந்தார்கள்.

மூன்று இணைகளை வயதைக் கொண்டு தீர்த்தோம்; முப்பது வயதுக் குரலும் எண்பது வயதுக் குரலும் ஒன்றாகா. ஓர் இணையில் ஒன்றை இருவர் சேர்ந்து பாடியதாகக் குறிப்பு இருந்தது. ஐந்தாவதற்காக வாடிப்பட்டிக்குப் போனோம். பாடல் ஒலித்த அரை நிமிடத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் வாளியை வைத்துவிட்டு, “இது எங்க அப்பத்தா” என்றான்.

ஆறாவது இணை, இரண்டாம் ஒப்பாரி. பாடிய மூதாட்டியர் இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். 2011க்குள் இருவருமே மறைந்துவிட்டார்கள். இரண்டு பாடல்களையும் வாடிப்பட்டி வீட்டில் போட்டோம். முதற் பாடலைக் கேட்டு, இதுதான் எங்கள் அம்மாவின் குரல் என்று மகள் அழுதார். உசிலம்பட்டிக்குச் சென்றோம். அங்கும் அதே முதற் பாடலைக் கேட்டு, இது எங்கள் அப்பத்தா பாடியதுதான், இழுக்கும் இழுப்பே சொல்கிறதே என்று பேரப்பிள்ளைகள் சாதித்தார்கள். மற்றொரு பாடலை இரண்டு வீட்டிலும் யாரும் தமதென்று சொல்லவில்லை. எம்பி3 காது பொருட்படுத்தாதவற்றை நீக்கும் என்றேன். பிள்ளைகளின் காது எதைப் பொருட்படுத்தும் என்பதை எந்த அட்டவணை அறியும்?

இரண்டு பாடல்களையும் இரண்டு வீட்டுக்கும் படியெடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். மற்ற அறுபதுக்கும் இப்போது ஆங்கில எழுத்திலும் தமிழிலும் பெயர் இருக்கிறது. ஊரும் நாளும் என் குரலில் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மீண்டும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. முதலடிகள் குறிப்பேட்டில் ஏறிவிட்டன. அந்த இரண்டின் பெயரில் மட்டும் பதினொரு கீழ்க்கோடுகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.